கரண்டுப் பெட்டி மேலேயா, கீழேயா?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் எத்தனையோ கேள்வி கேட்கிறார்கள்.

"எவ்வளவு வேகமாக ஓடும்?" என்று கேட்கிறார்கள். "எத்தனை படம் சேர்த்து வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றும் கேட்கிறார்கள்.

"கரண்டுப் பெட்டி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் யாரும் கேட்பது இல்லை.

கேட்கவேண்டும். அதிலும் மந்தைவெளியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும்.

அது என்ன கரண்டுப் பெட்டி?

கம்ப்யூட்டரின் உறுப்புகள் எல்லாம் ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கின்றன. இந்தக் கூட்டுக்கு "கேபினட்" என்று பெயர். கேபினட்டுக்குள் இன்னொரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். செங்கல்லைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் ஒரு விசிறி. பின்பக்கம் கரண்டு வயரைச் செருகும் இடம். கடைக்காரர்கள் இதை "எஸ்.எம்.பி.எஸ்." என்பார்கள். நாம் கரண்டுப் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

பழைய கேபினட்டில் இது உச்சியில் இருக்கும். புதிய கேபினட்டில் அடியில் இருக்கிறது.

"எது நல்லது?"

அடியில் இருப்பதே நல்லது. ஆனால் அப்படிப்பட்ட கேபினட்டைத் தரையில் வைக்கக்கூடாது. இது என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறேன்.

<b>பெட்டி செய்யும் வேலை</b>

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் உறுப்புகள் இதைத் தாங்கா. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் போதும். அதுவும் ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக இருக்கவேண்டும். பெரிய மின்சாரத்தை வாங்கி, சின்ன மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதுதான் கரண்டுப் பெட்டியின் வேலை.

மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். வீணாவது சூடாக வெளியே வரும்.

ஒரு கணக்குப் பாருங்கள். உறுப்புகளுக்கு 200 வாட் தேவை. பெட்டி நூற்றுக்கு எண்பது பங்கு திறமை உள்ளது. அப்படியானால் அது சுவரில் இருந்து 250 வாட் வாங்கும். மிச்சம் 50 வாட் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றைக் கேபினட்டுக்குள் எரியவிட்டது போல!

அதனால்தான் பெட்டிக்குள் விசிறி வைத்தார்கள். விசிறி எந்தக் காற்றை இழுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

<b>படுத்திருந்த பெட்டி எழுந்து நின்றது</b>

1981-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் வீட்டுக் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெட்டி மேஜையின் மேல் சூட்கேஸ் போலப் படுத்திருந்தது. அதன் தலையில் திரையை வைத்தார்கள். கரண்டுப் பெட்டி பின்பக்கம் ஒரு மூலையில் இருந்தது. அதன் சக்தி 63.5 வாட்தான். இன்று விளையாட்டுக்கும் சினிமா வேலைக்கும் வாங்கும் கம்ப்யூட்டரில் 650 வாட் பெட்டி சர்வ சாதாரணம். பத்து மடங்கு!

படுத்திருந்தவரையில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. பிறகு இடத்தை மிச்சப்படுத்தப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்போதுதான் கேள்வி பிறந்தது.

1995-ம் ஆண்டு இன்டெல் கம்பெனி ஓர் அளவுத் திட்டம் வெளியிட்டது. அதற்கு "ஏ.டி.எக்ஸ்." என்று பெயர். எந்தக் கம்பெனி கேபினட்டிலும் எந்தக் கம்பெனி கரண்டுப் பெட்டியும் பொருந்துவதற்கு அது வழி செய்தது. இன்றும் அந்தத் திட்டத்தின் வழியில்தான் கேபினட் செய்கிறார்கள். அந்தக் காலத்துக் கேபினட்டுகளில் கரண்டுப் பெட்டியை உச்சியில், பின்பக்கமாக வைத்தார்கள்.

அதிலும் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. சூடான காற்று மேலே போகும். கரண்டுப் பெட்டியின் விசிறி அதை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். சமையல் அறைக்குப் புகைபோக்கி வைத்த மாதிரி. தனக்கும் காற்று, வீட்டுக்கும் காற்று! தனியாக இன்னொரு விசிறி வாங்கவேண்டியது இல்லை.

<b>புகைபோக்கியில் குடித்தனம்</b>

2000-ம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது.

கம்ப்யூட்டரின் மூளைக்குப் "பிராசசர்" என்று பெயர். அது வேகம் கூடக்கூடச் சூடும் கூடியது. படம் காட்டுவதற்கு என்று தனியாக ஒரு கார்டு உண்டு. அது மூளையைவிட அதிகமாகச் சுட்டது. இந்த இரண்டும் விடுகிற அனல் மூச்சை, உச்சியில் உட்கார்ந்திருந்த கரண்டுப் பெட்டி சுவாசிக்கவேண்டி வந்தது. புகைபோக்கிக்குள் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும்?

கரண்டுப் பெட்டிக்குள் "கெப்பாசிட்டர்" என்று சின்னச்சின்ன டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது காய்ந்துபோகும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். மின்சாமான் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு இது.

நம் ஊர் வெயிலை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2003-ம் ஆண்டு மே மாதம் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அப்படிக் கொளுத்தாவிட்டாலும், கத்திரி வெயிலில் நம் வீட்டு அறைக்குள்ளேயே 35, 36 டிகிரி இருக்கும். ஏ.சி. இல்லாத வீடுகள்தான் அதிகம். அந்தக் காற்றே சூடு. அது கேபினட்டுக்குள் புகுந்து, மற்ற உறுப்புகளைச் சுற்றிவிட்டு உச்சிக்குப் போகும்போது இன்னும் பத்து டிகிரி கூடிவிடலாம். கரண்டுப் பெட்டி என்ன செய்யும், பாவம்!

ஆகவே அதைக் கீழே இறக்கினார்கள். 2005-ம் ஆண்டு வந்த "ஆன்டெக் பி180" என்ற கேபினட்டில் கரண்டுப் பெட்டிக்கு அடித்தட்டில் தனி அறையே கொடுத்தார்கள். பிறகு மற்றக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. இன்று ரிட்சித் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குமாக நிற்கும் புதிய கேபினட்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கரண்டுப் பெட்டி அடியில்தான்.

அடியில் ஓட்டைகள் இருக்கும். அதன் மேல் ஒரு வலை இருக்கும். விசிறி கீழே பார்த்தபடி இருந்து, வெளிக்காற்றை நேராக இழுத்துப் பின்பக்கம் தள்ளிவிடும். மற்ற உறுப்புகளின் சூடு அதைத் தொடாது. விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். இரைச்சலும் குறையும். கரண்டுப் பெட்டியின் எடை ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். அது அடியில் இருப்பதால் குழந்தைகள் இடித்தாலும் கேபினட் சுலபமாகச் சாயாது.

இவ்வளவும் சரி. ஆனால் வடிவம் போட்டவர்கள் ஒரு தரையை மனதில் வைத்திருக்கிறார்கள். ஈரம் இல்லாத தரை. தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்காத தரை. வெள்ளம் வராத தரை.

நம் தரை அப்படியா?

<b>மந்தை மேய்ந்த வெளி</b>

மந்தைவெளி என்ற பெயரே கதை சொல்லும். மாட்டு மந்தை மேய்ந்த வெளி இது. கிழக்கே கடல். தெற்கே அடையாறு. பறக்கும் ரயில் பாதையை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய். மூன்று பக்கத்துத் தண்ணீருக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையையும், அதைத் தொடர்ந்து அடையாற்றில் வந்த வெள்ளத்தையும் யாரும் மறக்கவில்லை. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அப்போதும் சென்னையில் எத்தனையோ தெருக்களில் தண்ணீர் நின்றது. தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதால் பல பழைய வீடுகளின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது. அந்த வீடுகளுக்குப் புயல் வரவேண்டியது இல்லை. ஒரு நல்ல மழையே போதும்.

நான்கு விரல் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபினட் தரையில் இருக்கிறது. முதலில் நனைவது எது? 230 வோல்ட் வாங்கும் கரண்டுப் பெட்டி!

"அப்படியானால் பழையபடி மேலேயே வைத்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அதுதான் இல்லை. கேபினட்டுக்குள் இடம் கொஞ்சம்தான். கரண்டுப் பெட்டி மேலே போனால், மற்ற உறுப்புகளைத் தாங்கும் "மதர்போர்டு" என்ற தாய்ப்பலகை கீழே இறங்கிவிடும். தண்ணீர் வந்தால் அது நனையும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைத் தண்ணீரில் நிறுத்தியதாக ஆகும். பணம் பறிபோவது இரண்டிலும் ஒன்றுதான்.

கரண்டுப் பெட்டியை மட்டும் தூக்கிப் பயன் இல்லை. கேபினட்டையே தூக்கவேண்டும்.

எவ்வளவு உயரம்? ஒன்றரை அடி உயரம் இருந்தால் சாதாரண மழைத் தண்ணீருக்குப் போதும். பழைய ஸ்டூல் போதும். பெஞ்சு போதும். மேஜை மேல் இடம் இருந்தால் ரொம்ப நல்லது. ஆள் உயர வெள்ளம் வந்தால் எந்த மேஜையும் உதவாது. அப்போது வயரைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டை மாடி வீட்டுக்காரரிடம் கொடுத்துவைக்கவேண்டியதுதான். சாதாரண கேபினட் என்றால் ஓர் ஆள் தூக்கிவிடலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். கேபினட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் கரண்டு வயர்களைச் செருகும் நீளப் பலகையை — எக்ஸ்டென்ஷன் பாக்ஸை — தரையிலேயே போட்டுவைக்கிறார்கள்! தண்ணீர் வந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் நனைவது அதுதான். அதைத் தெரியாமல் மிதித்தால் போவது கம்ப்யூட்டர் இல்லை, உயிர். அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். யூ.பி.எஸ். பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள்.

<b>வெள்ளம் வராத நாளில்</b>

வெள்ளம் எப்போதோ வருகிறது. வாளித் தண்ணீர் தினமும் வருகிறது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. மற்ற நாளிலும் துடைப்பம் உண்டு, ஈரத் துணி உண்டு. பெருக்கும்போது தூசி எழும்புகிறது. துடைக்கும்போது தண்ணீர் தெறிக்கிறது. தரையில் இருக்கும் கேபினட் கீழே இருந்துதானே மூச்சு விடுகிறது? தூசியும் முடியும் நேராக வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். மெட்ரோ ரயில் வேலைக்குத் தோண்டியதில் மந்தைவெளி வீடுகளில் படிந்த புழுதியை நான் சொல்லவேண்டியது இல்லை. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

வலை அடைத்துக்கொண்டால் காற்று வராது. காற்று வராவிட்டால் பெட்டியைக் கீழே இறக்கியதன் பலனே போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வலையை உருவித் தட்டுங்கள். பெரும்பாலான கேபினட்டில் அதைப் பின்பக்கமாக உருவலாம். அலம்பினால் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

சிலர் கேபினட்டை ஜமக்காளத்தின் மேல் வைக்கிறார்கள். சிலர் அழகாகப் பூப்போட்ட உறை தைத்து மூடுகிறார்கள். ஓடும்போதும் உறை கழற்றுவது இல்லை! அன்போடு செய்வதுதான். ஆனால் மூக்கைப் பொத்துகிற அன்பு அது. கேபினட் மரப்பலகை போன்ற கெட்டியான பரப்பில் நிற்கவேண்டும். அதன் கால்களுக்கு இடையே விரல் நுழைய இடம் இருக்கவேண்டும். உச்சியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை இருக்கும் கேபினட் என்றால், அதன் மேல் காபி டம்ளரையும் பூச்செம்பையும் வைக்காதீர்கள்.

அடியில் ஓட்டையே இல்லாத மலிவான கேபினட்டும் உண்டு. அதில் விசிறியை மேலே பார்க்கும்படி திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள். கீழே பார்த்து வைத்தால் விசிறி தகரத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். மேலே பார்க்கும் விசிறியில் ஒரே ஒரு பயம்: கழன்ற திருகாணி ஏதாவது உள்ளே விழக்கூடாது.

பழைய கம்ப்யூட்டரின் கரண்டுப் பெட்டியைப் புதிய கேபினட்டில் போடச் சொல்பவர்கள், "வயர் எட்டுமா?" என்று முதலில் கேட்கவேண்டும். பிராசசருக்குக் கரண்டு கொடுக்கும் வயர் தாய்ப்பலகையின் மேல் கோடிக்குப் போகவேண்டும். பெட்டி உச்சியில் இருந்தபோது அது பக்கத்து வீடு. இப்போது அடியில் இருந்து பின்பக்கமாகச் சுற்றிப் போகவேண்டும். பழைய வயர் பாதி வழியில் நின்றுவிடும்.

<b>பழைய கேபினட்டை என்ன செய்வது?</b>

கரண்டுப் பெட்டி மேலே இருக்கும் பழைய கேபினட் வீட்டில் இருக்கிறதா? பதறவேண்டாம்.

பிள்ளைகள் பாடம் படிக்க, கடைக் கணக்கு எழுத, விண்ணப்பம் நிரப்ப — இதற்கெல்லாம் தனிப் படக் கார்டு தேவை இல்லை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் நூறு வாட் கூடச் சாப்பிடாது. சூடும் கொஞ்சம்தான். அதற்கு உச்சியில் இருந்தால் என்ன, அடியில் இருந்தால் என்ன? புதுக் கேபினட் வாங்கும் காசில் நல்ல கரண்டுப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வண்ண விளக்குக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கரண்டுப் பெட்டியில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களை ரிட்சித் தெருவில் தினமும் பார்க்கலாம். தலைகீழ்ச் சிக்கனம்!

படக் கார்டு போட்டு வேலை செய்கிறவர்களுக்குத்தான் அடியில் வைப்பது அவசியம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவர்கள், விளையாட்டுப் பிரியர்கள் எல்லாம் அந்த வகை.

பழைய கரண்டுப் பெட்டிகளின் பின்னால் ஒரு சிவப்பு சுவிட்சு இருக்கும். அதில் 115 என்றும் 230 என்றும் போட்டிருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட்தான். அங்கே இருக்கும் பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டராக இருந்தால் அந்தச் சுவிட்சு 115-ல் இருக்கும். அப்படியே இங்கே செருகினால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதியவை தாமாகவே சரிசெய்துகொள்ளும். பழையதாக இருந்தால் செருகுவதற்கு முன்னால் பாருங்கள்.

<b>'சுர்' என்கிறதா?</b>

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறதா? பல வீடுகளில் இது உண்டு. "லேசாகத்தானே இழுக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள்.

விடக்கூடாது. கரண்டுப் பெட்டி கேபினட்டின் தகரத்தோடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கசியும் மின்சாரம், பிளக்கில் இருக்கும் தடித்த மூன்றாவது முனை வழியாகப் பூமிக்குப் போகவேண்டும். அதற்கு "எர்த்" என்று பெயர். எர்த் சரியாக இல்லாவிட்டால் அது உங்கள் உடம்பு வழியாகப் போகப் பார்க்கும். மூன்றாவது முனையை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டைப் பிளக்கில் செருகுபவர்களும் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான காரியம் வேறு இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்.

<b>நனைந்துவிட்டால்</b>

அத்தனை ஜாக்கிரதையையும் மீறி ஒரு நாள் தண்ணீர் வந்து கேபினட் நனைந்துவிடுகிறது. என்ன செய்வது?

தண்ணீருக்குள் இறங்கிக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். மெயின் இருக்கும் இடத்துக்கே தண்ணீரில் நடந்துதான் போகவேண்டும் என்றால் அதையும் தொடாதீர்கள். வெளியே வந்து மின்சார வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடாதீர்கள். நனைந்த கம்ப்யூட்டர் சாவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தில்தான். வெயிலில் காயவைத்தும் பயன் இல்லை. தண்ணீர் காயும், சாக்கடையின் உப்பும் சேறும் உள்ளேயே தங்கும்.

கரண்டுப் பெட்டியைத் திருகாணி கழற்றித் திறக்கவே திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். நனைந்த பெட்டியைக் கழுவித் துடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

கேபினட்டைப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு உடனே கரண்டு கொடுக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். மற்ற உறுப்புகளைக் கடையில் வாங்கலாம். கல்யாணப் படமும் பிள்ளையின் பரீட்சைப் பாடமும் அதற்குள்தான் இருக்கின்றன.